மாதவிடாய் நின்றபின் வரும் அனலும் மருத்துவரை நாடும் உரிமையும்

(வெள்ளி விழா மாதர் அரங்கில், கழகத்தின் மாதர் பிரிவு சார்பாக ஆற்றப்பெற்ற உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் கழகம் ஓர் இரவுப் பாடசாலையாகத் தொடங்கியபோது, தம் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வந்த தாய்மார்களுக்கு அன்று இருபத்தைந்து வயதிருக்கும். பகலெல்லாம் நாற்று நட்டும், செங்கற்சூளையில் கல் சுமந்தும், தெருக்களைக் கூட்டியும் களைத்த பின்னரும், மின்சாரம் நின்ற இரவுகளில் நமக்கு அரிக்கேன் விளக்கு ஏற்றித் தந்தவர்கள் அவர்கள். அவர்தம் பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் விளங்குகின்றனர். அப்பிள்ளைகளின் பெயர்களை இவ்விழா மலர் பெருமையுடன் தாங்கி நிற்கின்றது. அத்தாய்மார்களோ ஐம்பதை எட்டிவிட்டனர். அவர்களுள் பலர்க்கு இன்று ஒரு துன்பம் உண்டு. அத்துன்பத்தைக் குறித்து வீட்டிலும் பேச்சில்லை, மேடையிலும் பேச்சில்லை. அதனைப் பெயரிட்டுப் பேசவே நாங்கள் இங்கு நிற்கின்றோம்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில், காரணமின்றி மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறும். உடல் காந்தும், நெஞ்சு படபடக்கும், வியர்வை ஊற்றெடுக்கும். சில நிமிடங்களில் அது தணிந்து, பின்னர்க் குளிரும் நடுக்கமும் தோன்றும். பகலில் பலமுறையும், இரவில் உறக்கத்தைக் கெடுத்தும் இது வரலாம். மருத்துவர்கள் இதனை வெப்ப அலை என்பர். நம் பெண்கள் "குப்பென்று வேர்க்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வர்.

நம் பெண்கள் விடுதியில் சமையற்பணி புரியும் அம்மையார் ஒருவரின் அனுபவத்தை அவர்தம் இசைவு பெற்றே இங்குக் கூறுகின்றோம். நாற்பத்தேழாம் வயதில் அவருக்கு மாதவிடாய் நின்றது. ஐந்தாண்டுகளாக அனல் ஓயவில்லை. அடுப்பின் முன் நிற்பதால் வரும் சூடு என்றே அவர் எண்ணினார். மோர் பருகினார், வெந்தயம் ஊறவைத்து உண்டார், உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தார். இரவில் பாய் நனைந்துபோவதால் எழுந்து திண்ணையின் வெறுந்தரையில் படுத்தார். அடுப்பு அணைந்த நள்ளிரவிலும் அனல் வருவதேன் என்று அவரை எவரும் கேட்கவில்லை. நாள்தோறும் அவர் கையால் உண்ட நாங்களும் கேட்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

ஒருநாள் அவர் எங்களிடம் வந்து சம்பளத்தில் முன்பணம் கேட்டார். காதுக் கம்மலை அடகு வைத்தும் தொகை போதவில்லை என்றார். எதற்கென்று வினவியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தனியார் மருத்துவர் ஒருவர், அவரை நிற்கவைத்தே இரண்டு வார்த்தை பேசி, கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று கூறி அறுவைக்கு நாள் குறித்திருந்தார்.

அன்றே எங்களுள் இருவர் அவரை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவுக்குச் சென்றோம். நெடுநேரம் வரிசையில் காத்திருந்தோம். அங்கிருந்த பெண் மருத்துவர் முதலில் செய்தது யாதெனில், அம்மையாரை நாற்காலியில் அமரச் சொன்னதே. பின்னர் எப்போது மாதவிடாய் நின்றது, ஒரு நாளைக்கு எத்தனை முறை அனல் வருகிறது, உறக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். இரத்த அழுத்தம் பார்த்தார், மார்பகங்களைச் சோதித்தார், சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் இரத்தச் சோதனை எழுதினார், கருப்பைக்கு ஸ்கேன் எடுக்கச் செய்தார். கருப்பையில் பழுதில்லை என்றும், இதற்கு அறுவை தேவையே இல்லை என்றும் தெளிவாகச் சொன்னார். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் அம்மையார் விடியும்வரை உறங்கினார். கம்மல் மீண்டும் காதுக்கு வந்தது. "மருந்தைவிட அந்த நாற்காலியைத்தான் நான் மறக்கமாட்டேன்" என்று அவர் எங்களிடம் சொன்னார்.

உடலில் நிகழ்வது யாது என்பதையும் அறிந்துகொள்வோம். மூளையின் அடிப்புறத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி உடலின் வெப்பத்தைச் சீராக வைக்கும் காவலன் போன்றது. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, அங்குள்ள சில நரம்பணுக்கள் மிகையாகத் தூண்டப்படுகின்றன. அதனால் இக்காவலன் சிறிய வெப்ப மாற்றத்தையும் பெருவெப்பம் எனப் பிழையாக உணர்ந்து, தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து வியர்வையைப் பெருக்குகிறது. ஆகவே இது மனப்பிரமையும் அன்று. உணவுச் சூடும் அன்று. எவர் இட்ட சாபமும் அன்று.

இது எத்துணைக் காலம் நீடிக்கும்? ஓரிரு ஆண்டுகளில் அடங்கிவிடும் என்றே பலரும் நம்பியிருந்தனர். அமெரிக்காவில் பல இனப் பெண்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2015இல் வெளியிட்ட முடிவின்படி, அடிக்கடி வரும் வெப்ப அலைகள் நீடித்த இடைநிலைக் காலம் 7.4 ஆண்டுகள். கறுப்பினப் பெண்களுக்கோ அது 10 ஆண்டுகளுக்கும் மேல். ஒடுக்கப்பட்டோராகிய நாம் இக்கணக்கை எளிதில் கடந்து செல்ல இயலாது. "பொறுத்துக்கொள், தானே போகும்" என்னும் அறிவுரை பத்தாண்டுக்காலத் தண்டனையாக மாறக்கூடும் என்பதே இதன் பொருள்.

கருப்பை அகற்றல் குறித்து இங்கு வெளிப்படையாகவே பேச விரும்புகின்றோம். வெப்ப அலைக்குக் கருப்பை அறுவை மருந்தாகாது. அதனுடன் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் வீழ்ந்து, அனல் முன்னிலும் கடுமையாகும். இளவயதினராயின் எலும்பும் இதயமும் கெடும். 2019இல் மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்களிடையே கருப்பை அகற்றல் மிகுந்திருந்தமை வெளிப்பட்டு, அம்மாநில அரசு விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகள் குறித்த பொதுநல வழக்கில், நடுவணரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் ஏற்றுச் செயற்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாறு அறுவைக்கு உள்ளானோர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள், நம்மைப் போன்ற சமூகங்களின் பெண்கள். ஆதலின் அறுவை என்று எவர் சொன்னாலும், "எதற்காக? வேறு வழியுண்டா? சினைப்பையையும் எடுப்பீர்களா?" என்னும் மூன்று வினாக்களைக் கேளாமல் கையொப்பமோ கைநாட்டோ இடவேண்டா. முடிந்தால் மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டறிக.

வியர்ப்பதெல்லாம் இவ்வனலே என்று கொள்வதும் தவறு. மாலைக் காய்ச்சலும், இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலும், உடல் மெலிவும் சேர்ந்து வரும் இரவு வியர்வை காசநோயின் அடையாளமாகலாம். தைராய்டு மிகுந்து சுரந்தாலும் இவ்வாறே காந்தும். சர்க்கரைக்கு மருந்துண்போர்க்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் வியர்க்கும். மார்பு இறுக்கத்துடன் வியர்த்தால் அது மாரடைப்பாகலாம். உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் துளி இரத்தம் பட்டாலும் காலம் தாழ்த்தலாகாது.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லலாம். அங்கேயே பலர்க்குத் தீர்வு கிட்டும். ஆயினும் மாதவிடாய் நாற்பது வயதிற்கு முன்பே நின்றவர், சினைப்பைகள் அகற்றப்பட்டவர், மார்பகப் புற்றுநோய் கண்டவர், கால் நரம்பில் இரத்தம் உறைந்தவர், பக்கவாதமோ இதயநோயோ உற்றவர், மூன்று மாதம் மருந்துண்டும் குணம் காணாதவர் ஆகியோர் மகளிர் நோய் வல்லுநரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்பது பணிவின்மை ஆகாது. அது நம் உரிமை.

மருந்துகள் பற்றியும் சிறிது கூறுவோம். மிகுந்த பயன் தருவது ஹார்மோன் மருத்துவமே. கருப்பை உள்ளவர்க்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்துத் தரவேண்டும்; இன்றேல் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றாகும் இடர் உண்டு. 2002இல் அமெரிக்காவின் பேராய்வு ஒன்று, இக்கூட்டு மருந்தால் மார்பகப் புற்று சற்று மிகுவதாகக் கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் அச்சம் பரவியது. அவ்வாய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது பின்னர்க் கவனிக்கப்பட்டது. அறுபது வயதிற்குட்பட்டு, மாதவிடாய் நின்று பத்தாண்டிற்குள் தொடங்கும் உடல்நலமுள்ள பெண்ணுக்கு, பெரும்பாலும் தீமையைவிட நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவரின் தெளிவு. எனினும் மார்பகப் புற்று, இரத்த உறைவு, பக்கவாதம், கடுங்கல்லீரல் நோய் உடையோர்க்கு இது பொதுவாக ஏற்றதன்று. அத்தகையோர்க்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின் முதலிய ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. மேற்குறித்த நரம்பணுக்களையே அடக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்னும் புதுமருந்துக்கு 2023இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அதனை உண்போர்க்குக் கல்லீரல் சோதனை இன்றியமையாதது. எம்மருந்து எவர்க்கு என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். அண்டை வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்குதல் கூடாது.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு மாதம் ஒரு குறிப்பேடு எழுதுங்கள். அனல் வந்த நேரம், எத்தனை முறை, உறக்கம் கெட்டதா என்பவற்றை நாள்தோறும் குறியுங்கள். எழுதப் படிக்க அறியாத தாயாயின், அனல் வரும்போதெல்லாம் நாட்காட்டியில் ஒரு கோடு இடட்டும். மாலையில் மகளோ பேத்தியோ எண்ணி எழுதட்டும். கடைசி மாதவிடாய் நாள், முன்னர் நடந்த அறுவையின் தாள்கள், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். நம் சொல்லைச் செவிமடுக்காத மருத்துவரும் கோடுகளின் எண்ணிக்கையைப் புறக்கணித்தல் அரிது.

1928ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் உழைக்கும் பெண்களின் மகப்பேற்று நலனுக்கான மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் வாதாடினார். பிள்ளை பெறும் உடலைக் காப்பது பொதுக்கடமை என்பது அதன்வழி நிலைநாட்டப்பட்டது. பிள்ளைபெற்று முடித்த உடலையும் காப்பது கடமையே என்று நிலைநாட்டும் பணி நம்முடையது.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். மாதம் ஒருநாள், தாய்மார்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல மாதர் பிரிவினர் இருவரை அமர்த்துக. அந்நாளின் கூலி இழப்பை ஈடுசெய்ய ஒரு சிறுநிதி ஒதுக்குக. விடுதி மாணவியர்க்குப் பூப்பெய்துதலைப் பற்றிக் கற்பிக்கும் வகுப்பிலேயே மாதவிடாய் நிற்றலையும் கற்பிக்குக. பெற்ற தாயின் உடலை அறியாத கல்வி குறையுடைய கல்வியே. இங்கு அமர்ந்துள்ள ஆடவர்களே, இன்றிரவு வீட்டில் உறக்கமின்றி எழுந்தமரும் பெண்ணைக் கண்டால், "என்ன செய்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் தாய்மார்கள் தம் பசியையும் வலியையும் பொறுத்துத்தான் நம்மைப் படிக்க வைத்தனர். பொறுமை அவர்களிடம் போதிய அளவு உண்டு. இனி அவர்க்கு வேண்டுவது ஒரு நாற்காலியும், செவிகொடுத்துக் கேட்கும் ஒரு மருத்துவரும், உடன் செல்லும் படித்த பிள்ளையுமே. அப்பிள்ளைகள் இம்மண்டபம் நிறைய அமர்ந்திருக்கின்றீர்கள் என்னும் நம்பிக்கையுடன் எங்கள் உரையை நிறைவு செய்கின்றோம்.