அடைமழையில் ஆடுகளைக் காப்போம்



தீபாவளி முடிஞ்சா பட்டாசு ஆலைகளில் வேலை குறையும். அப்போ வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பது நம்ம ஆடுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் ஆட்டுக்கு நோயும் வருது.

வேம்பூர் செம்மறி வெயிலைத் தாங்கும். ஈரத் தரையைத் தாங்காது. 1997-98இல் நீலநாக்கு நோய் தமிழ்நாட்டில் ஏராளமான செம்மறிகளைக் கொன்றது. கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிதான் இதைப் பரப்புது. அது சேற்றிலும் ஈரச் சாணத்திலும் பெருகும். அதனால் பட்டியை மேட்டுக்கு மாத்துங்க. புழுக்கையைத் தினமும் அள்ளுங்க. சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுங்க.

காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண், உதடு வீக்கம், நொண்டல் தெரிந்தால் அந்த ஆட்டைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. 1962க்குப் போன் பண்ணலாம். சந்தையில் தள்ளிவிட நினைக்காதீங்க. அது நம்மளப் போல இன்னொரு குழுப் பெண்ணின் பட்டிக்குத்தான் போய்ச் சேரும்.

மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வரும். முதலில் கடலைக்கொடி கொடுத்து, பனி காய்ந்தபின் ஓட்டுங்க. தடுப்பூசியை மழைக்கு முன்பே போடணும்.

ஆடு செத்தாலும் குழுக்கடன் சாகாது. காப்பீடு செய்த ஆடு இறந்தால், மருத்துவர் காதுவில்லையைப் பார்த்துச் சான்று தரும்வரை புதைக்காதீங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் யார் யார் ஆட்டுக்கு ஊசி போட்டாச்சுன்னு கேட்டு எழுதி வைப்போமா?