புகழ் வாடகை வீடு! தொழில் சொந்த வீடு!

நடுவர் அவர்களே! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து ஷிப்ட் முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெருமக்களே! தாய்மார்களே!

சின்னத்திரை நகைச்சுவைக் கலைஞனை வாழவைப்பது புகழா, தொழிலா? இதுதான் கேள்வி. எதிரணிச் சகோதரி சொன்னார்: "தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்களே, அது போதாதா?" அம்மா, திரும்பிப் பார்க்கிற நாலு பேரும் பால்காரருக்குப் பாக்கி கொடுக்க மாட்டார்களே! (சிரிப்பு)

நம்ம பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தவர்களுக்குத் தெரியும். பதினோரு மாத ஒப்பந்தம். ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கணும். திடீரென்று ஒருநாள் வீட்டுக்காரர் வருவார். "பையனுக்குக் கல்யாணம், காலி பண்ணிடுங்க" என்பார். புகழும் அப்படித்தான் ஐயா. தொடர் ஓடுகிறவரை குடியிருக்கலாம். தொடர் முடிந்தால் சாமான் செட்டு எல்லாம் தெருவில்! (கைதட்டல்)

என் பழைய மாணவன் ஒருவன். தொழிற்பேட்டையில் லேத் வேலை. ஒரு நகைச்சுவைத் தொடரில் சின்ன வேடம் கிடைத்தது. டீக்கடையில் காசு வாங்கவில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பையன் லேத்தை விட்டுவிட்டான். கொஞ்ச நாளில் தொடரும் அவனை விட்டுவிட்டது.

ஆறு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தான். "சார், வேலை இல்லாததைக்கூடத் தாங்கிக்கிறேன். பார்க்கிறவங்க எல்லாம் 'என்னப்பா, இப்பல்லாம் டி.வி.யில காணோமே'ன்னு கேக்கிறாங்க. எதிர்லதானே நிக்கிறேன்? என்னைக் காணோம்னு என்கிட்டயே கேட்டா நான் என்ன சார் சொல்றது?" என்றான். ஊரைச் சிரிக்கவைத்த பிள்ளை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, நடுவர் அவர்களே.

அவனுக்கு நான் ஒரு கதை சொன்னேன். கதையல்ல, நடந்தது. பக்கத்தில் பாடியிலே சுந்தரம் கிளேட்டன் தொழிற்சாலை. அங்கே ஒரு இன்ஜினியர் வேலை பார்த்தார், கிண்டியில் படித்தவர். 1976-இல் எஸ்.வி.சேகரின் குழுவுக்காக 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். நாடகத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு கிரேசி மோகன் ஆனார். கமல்ஹாசன் படங்களுக்கு வசனம் எழுதி நாடே கொண்டாடிய பிறகும் சபா மேடையை விட்டாரா? இல்லை. 2019-இல் அவர் மறைந்தார். புகழ் தேடி வந்தது. அவரோ தொழிலைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தார்.

எதிரணி கேட்கும்: 'லொள்ளு சபா' முடிந்து எத்தனையோ வருஷமாச்சு, இன்னும் லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா சுவாமிநாதன், லொள்ளு சபா சேஷு என்கிறோமே, அது புகழில்லையா? அப்பா கொடுத்த இனிஷியல்கூடப் பின்னால் போய்விட்டது, வாஸ்தவம்! (சிரிப்பு) ஆனால் அந்தப் பெயரைக் காப்பாற்றியது எது? தொடர்ந்து செய்த வேலை. சேஷு 2024-இல் 'வடக்குப்பட்டி ராமசாமி'யில் நம்மைச் சிரிக்கவைத்தார். அதே ஆண்டு மார்ச்சில் மறைந்தார். அன்றைக்கு சக கலைஞர்கள் அவருடைய நடிப்பை மட்டுமா பேசினார்கள்? இல்லாதவர்களுக்கு உதவிய அவருடைய மனசையும் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

வள்ளுவர் கெட்டிக்காரர். 23-ஆவது அதிகாரம் ஈகை. 24-ஆவதுதான் புகழ். முதலில் கொடு, பிறகு வரும் என்று வரிசையிலேயே வைத்துவிட்டார். நகைச்சுவைக் கலைஞன் ஊருக்குக் கொடுப்பது சிரிப்பு. அதுதான் அவன் தொழில்.

என் மாணவன் திரும்ப லேத்துக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம். போன மாதம் போயிருந்தேன். நாற்பது பேர்தான் கூட்டம். முடிந்ததும் ஒரு பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அடுத்த நாடகம் என்னிக்கு?" என்று கேட்டார். அப்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

பெருமக்களே, தெருவில் ஒரு கலைஞனைப் பார்த்தால் "ஏன் காணோம்?" என்று கேட்காதீர்கள். "அடுத்தது எப்போ?" என்று கேளுங்கள். முதல் கேள்வி அவனைக் காலி செய்கிறது. இரண்டாவது கேள்வி அவனுக்குச் சொந்த வீட்டின் சாவியைக் கொடுக்கிறது. வாழவைப்பது தொழிலே, தொழிலே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)