புரூக்ளின் வீட்டின் அறுவர்

பிறந்த ஊரை விட்டு வந்து, நான்கைந்து பேராய் ஓரிடத்தில் குடியேறி, வாடகையையும் சமையலையும் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்த பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பாத்திரம் துலக்கும் முறை யாருடையது என்பதில் நாள்தோறும் பூசல் நிகழும்; ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலோ, அனைவரும் கண்விழித்திருப்பர். இவ்வாழ்க்கையில் நகைப்புக்குக் குறைவில்லை என்பதை அமெரிக்கத் தொலைக்காட்சியினர் நன்கு அறிவர். நியூயார்க் நகரில் நண்பர் அறுவர் கூடி வாழ்வதாக அமைந்த 'பிரெண்ட்ஸ்' தொடரைக் கேள்வியுறாத இளைஞரை இன்று காண்பது அரிது. அதற்கு ஓராண்டு முன்னதாகவே, அதே நகரில், அதே அறுவர் கணக்கில் தோன்றிய மற்றொரு நகைச்சுவைத் தொடரைப் பற்றியே நாம் இன்று சிறிது பேச விழைகிறோம். அதன் பெயர் 'லிவிங் சிங்கிள்'. மணமின்றித் தனித்து வாழ்தல் என்பது பொருள். ஆயினும் அத்தொடரில் ஒருவருக்கேனும் அரைநாழிகைத் தனிமை கிட்டியதாக நமக்கு நினைவில்லை!

1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அது தொடங்கிற்று. ஆக்கியவர் இவெட் லீ பௌசர் என்னும் கறுப்பினப் பெண் எழுத்தாளர். தம் வாழ்க்கையையும் தம் தோழியர் வாழ்க்கையையும் முன்வைத்தே அவர் அதனைப் புனைந்தார். கதை நிகழுமிடம் புரூக்ளின் பகுதியில், பழுப்புக் கல்லால் கட்டிய பழைய மாடிவீடு. ஒரு பகுதியில் கதீஜா, அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை சின்கிளேர், தோழி ரெஜீன் ஆகிய மூவரும் குடியிருக்கின்றனர். அதே கட்டடத்தின் மற்றொரு பகுதியில் இரு ஆடவர்: பங்குச்சந்தைத் தொழிலில் உள்ள கைல், வீட்டின் குழாயும் மின்கம்பியும் பழுதுபார்க்கும் ஓவர்ட்டன். ஆறாமவள் மாக்ஸீன் என்னும் வழக்கறிஞர். கதீஜாவுடன் கல்லூரியில் படித்தவள். தனக்கென்று வேறு வீடு உடையவள். எனினும் உண்பது மட்டும் இவ்வீட்டில்தான். அழையாமல் நுழைவாள், குளிர்பெட்டியைத் திறப்பாள், எஞ்சியிருப்பது எதுவாயினும் வயிற்றுக்குள் போகும். கைலைக் கண்டுவிட்டாலோ சொற்போர் மூளும். அச்சொற்போரில் காதலும் ஒளிந்திருப்பதைப் பார்ப்பவர் அனைவரும் அறிவர். அவ்விருவர் மட்டுமே நெடுநாள் அறியாதவர்போல் நடிப்பர்.

இத்தொடரில் நம்மை ஈர்ப்பது இவர்கள் உழைப்பு. நகைச்சுவைத் தொடர்களில் தொழில் என்பது பெரும்பாலும் பெயரளவில் நின்றுவிடும். பாத்திரங்கள் எப்போது வேலைக்குச் செல்கின்றனர் என்று நாம் வியப்பதுண்டு. இங்கு அப்படியில்லை. கதீஜா 'ஃபிளேவர்' என்னும் இதழின் ஆசிரியை, உரிமையாளரும் அவளே. அவ்விதழின் அலுவலகத்திலேயே கதையின் ஒரு பாதி நடக்கிறது. கட்டுரை தாமதமாகும், கையிருப்புப் பணம் கரையும். அந்தக் கவலையோடு அவள் வீடு திரும்பினால், அங்கே குளிர்பெட்டி காலி! அவளிடம் பணிபுரியும் சின்கிளேர் மிசௌரி மாநிலத்திலிருந்து வந்த வெள்ளையுள்ளத்தாள். பெருநகரத்தின் சூது அறியாத அவளைப் பார்க்கையில், முதன்முதல் பம்பாயிலோ டில்லியிலோ வந்திறங்கிய நாள் நம் நினைவுக்கு வாராமல் இராது.

கதீஜாவாக நடித்தவர் குயீன் லத்தீஃபா. முன்னரே ராப் இசையில் புகழ் பெற்றிருந்த அவரே தொடரின் முகப்புப் பாடலையும் பாடினார். சின்கிளேராகக் கிம் கோல்ஸும், ரெஜீனாகக் கிம் ஃபீல்ட்ஸும், மாக்ஸீனாக எரிகா அலெக்சாண்டரும் தோன்றினர். மாக்ஸீனைக் கண்டே சட்டக் கல்வியில் விருப்பம் கொண்டோம் என்று பின்னாளில் கூறிய கறுப்பினப் பெண்கள் பலர். நகைச்சுவைப் பாத்திரம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறு என்ன வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

1994 செப்டம்பரில் என்.பி.சி. நிறுவனம் 'பிரெண்ட்ஸ்' தொடரைத் தொடங்கியது. இரண்டையும் தயாரித்தது வார்னர் பிரதர்ஸ் என்னும் ஒரே நிறுவனம். விந்தை யாதெனில், அவ்வாண்டின் இறுதித் திங்கள்களில் வியாழன் இரவு எட்டரை மணிக்கு ஓர் அலைவரிசையில் இதுவும் மற்றோர் அலைவரிசையில் அதுவும் எதிரெதிரே ஒளிபரப்பாயின. கறுப்பின மக்களின் இல்லங்களில் 'லிவிங் சிங்கிள்' பெருவிருப்புடன் காணப்பட்டது. நாடு முழுவதையும் கணக்கிட்டால் 'பிரெண்ட்ஸ்' எங்கோ உயர்ந்து சென்றது. முன்னது ஐந்து பருவங்கள், 118 பகுதிகளோடு 1998 சனவரி முதல் நாள் முடிவுற்றது. பின்னது பத்துப் பருவங்கள், 236 பகுதிகள் என நீண்டது. அதன் நடிகர் அறுவரும் ஒன்றாக நின்று ஊதியம் பேசி, கடைசி இரு பருவங்களில் பகுதி ஒன்றுக்குத் தலைக்குப் பத்து இலட்சம் டாலர் பெற்றனர். கைலாக நடித்த டி.சி. கார்சனோ, நான்காம் பருவத்தின் முடிவில் விலக்கப்பட்டார். தம் குழுவினர் நடத்தப்பட்ட முறையிலிருந்த வேற்றுமையை வெளிப்படையாகப் பேசியதே காரணம் என்று அவர் பல்லாண்டு கழித்துக் கூறியிருக்கிறார்.

ஒன்றைப் பார்த்தே மற்றொன்று எழுதப்பட்டது என்று வழக்காட நாம் முன்வரவில்லை. நண்பர்கள் கூடி வாழ்வது எவரும் பட்டா வாங்கக்கூடிய நிலமா என்ன? நம் குறை வேறு. 2020 சனவரியில் 'பிரெண்ட்ஸ்' நடிகர் டேவிட் ஷ்விம்மர் ஒரு பேட்டியில், முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்ட 'பிரெண்ட்ஸ்' ஒன்று இருக்கலாமே என்ற கருத்தை வெளியிட்டார். எரிகா அலெக்சாண்டர் உடனே, நாங்கள் உங்களுக்கு முன்பே வந்துவிட்டோமே என்னும் கருத்துப்பட விடை பகர்ந்தார். ஷ்விம்மரும் தாம் 'லிவிங் சிங்கிள்' தொடரை அறியாதவர் அல்லர் என்று விளக்கம் கூறினார். அவ்விளக்கத்தை ஐயுற நமக்குக் காரணமில்லை. ஆயினும், ஒரே நிறுவனத்தின் கொட்டகைகளில் உருவான தொடர்களுள் மூத்ததை, இனிமேல் எடுக்கவேண்டிய ஒன்றாகப் பேசும் நிலை வந்ததே என்பதுதான் உறுத்துகிறது.

2018ஆம் ஆண்டு இத்தொடர் ஹூலு என்னும் இணையத் திரைச்சேவைக்கு வந்தது. முடிவுற்றபோது பிறந்திராத பிள்ளைகளும் அதனால் அதைக் காண நேர்ந்தது. நேயர்களுக்கு வாய்ப்புக் கிட்டுமாயின் முதற்பருவத்திலிருந்தே தொடங்கலாம். உடைகளும் தொலைபேசிகளும் பழமையாகத் தோன்றும். பேச்சின் வேகம் சிறிதும் பழமைப்படவில்லை. கதவு திறக்கும் ஓசை கேட்டால் யார் என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மாக்ஸீன்தான், நேரே குளிர்பெட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருப்பாள்.