குடித்தவரை ஒளித்து வைக்காதீர்கள்



குடிக்க வேண்டாமென்று பலமுறை சொல்லியிருக்கிறோம், இனியும் சொல்வோம். இன்று பேசுவது குடித்துவிட்டவரைப் பற்றி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 60க்கும் மேற்பட்டோரைச் சாகடித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். கல்வராயன் மலைச் சரக்கோ, பாக்கெட்டோ, அது கலந்திருப்பதை நாக்கு கண்டுபிடிக்காது. முதலில் வெறும் போதைதான். உடலுக்குள் அது மெதுவாக ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. 12 மணி நேரம், சில வேளை ஒரு நாள் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்மங்கல். “தெளியட்டும்” என்று மோர் கொடுத்துப் படுக்கவைப்பது நம் வீட்டு வழக்கம். அந்த இடைவெளியில்தான் பார்வை போகிறது, உயிரும் போகிறது. மாற்று மருந்தும் டயாலிசிசும் ஆஸ்பத்திரியில்தான் உண்டு. 108ஐக் கூப்பிடுங்கள். போலீசுக்குப் பயந்து வயிற்றுப்போக்கு என்று சொன்னால், டாக்டர் அதற்குத்தான் வைத்தியம் பார்ப்பார்! கூடக் குடித்தவர் நன்றாயிருந்தாலும் அழைத்துப் போங்கள். தனியே போக வெட்கமாயிருந்தால், நள்ளிரவானாலும் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டுங்கள், உடன் வருகிறோம்.