காவிரிக் கரையில் மூன்று நாள் சைக்கிள்

செயலாளர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கவுண்டரில் உட்கார்ந்து பழகியவன், நேரத்தை மீற மாட்டேன்.

போன வருடம் ஜெர்மனியில் இருக்கும் மகன், பாஸாவ் ஊரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை என்னைச் சைக்கிளில் அழைத்துப் போனான். டான்யூப் ஆற்றோரமாக 300 கிலோமீட்டருக்கு மேல், ஒரு வாரம். 64 வயதில் முடியுமா என்று பயந்தேன். ஆனால் பாதை ஆற்றின் போக்கிலேயே போகிறது, மேடு குறைவு. பெட்டிகளை வேனில் முன்கூட்டியே அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். என்னைவிட மூத்தவர்களெல்லாம் ஓட்டினார்கள்.

ஓரிடத்தில் சைக்கிளோடு படகில் ஏறி அக்கரை போனோம். சட்டென்று பூலாம்பட்டி ஞாபகம் வந்தது. வண்டியோடு படகேறி நெரிஞ்சிப்பேட்டையில் இறங்குகிறோமே, அதற்கு விசா எதற்கு?

டிசம்பரில் நம் தெருக்காரர்கள் நாலு பேர் மேட்டூரிலிருந்து மோகனூர் வரை மூன்று நாள் போனோம். விடியலில் கிளம்பி, வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுவோம். பைகள் எல்லாம் ஒரு சின்ன யானையில் வந்தன. அங்கே போலச் சைக்கிளுக்குத் தனிப் பாதை இங்கே கிடையாது. பள்ளிபாளையம் பக்கம் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. வண்டியில் ஏற வெட்கம். டிரைவர் தம்பி, "பை சும்மாதானுங்க வருது, நீங்களும் வாங்க சார்" என்றார். ஏறிவிட்டேன். மறுநாள் மோகனூரில் காவிரியில் கால் நனைத்தபோது நாலு பேருமே சைக்கிளில்தான் வந்திருந்தோம்.

அடுத்த முறை என் மனைவியும் வருகிறார். பள்ளிக்கூட நாளில் ஓட்டியதோடு சரி. பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். சின்ன யானையில் டிரைவர் பக்கத்து இருக்கை மட்டும் எனக்கு.