ஆடும் பொம்மையும் அன்னைமொழியும்



குழந்தைகளுக்கு அசையாப் பொம்மையைக் காட்டிலும் அசையும் பொம்மையிடத்தே ஆசை மிகுதி. இவ்வாசை மிகப் பழமையானது. சிந்துவெளி நகரங்களை அகழ்ந்தபோது, சுட்ட மண்ணாலான சிறு வண்டிகளும், நூலை இழுத்தால் தலையசைக்கும் எருதும் கிடைத்தன. அவை 4000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாது உருட்டிச் சென்ற மூன்று உருளைச் சிறுதேரைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகின்றது. பிற்காலப் புலவர்களோ, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றைச் சிறுதேர்ப் பருவம் என்றே வகுத்துவிட்டனர்.

இத்தகைய பொம்மைகளைக் கடையில் வாங்காமல், வீட்டிலேயே குழந்தைகளோடு கூடியிருந்து செய்வது பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். தமிழகத்துக்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு இம்முயற்சியால் ஒரு தனிப்பயன் உண்டு. அதனை விளக்கத் திருவனந்தபுரத்துக் கரமனையை எடுத்துக்கொள்வோம்.

கரமனையாற்றின் கரையில் அமைந்த அக்கிரகாரத் தெருக்களில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அண்டையிலிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கரமனை கேரளத்தில் நின்றது. அங்குள்ள குழந்தை பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கிறது. தெருவிலும் கடையிலும் மலையாளம் பேசுகிறது. தமிழுக்கு எஞ்சியிருப்பது வீடு ஒன்றே. அவ்வீட்டிலும் நாம் குழந்தையோடு பேசும் தமிழ் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். எழுந்திரு, குளி, சாப்பிடு, படி, தூங்கு. பெரும்பாலும் இவ்வளவே! ஏவல் வினைகளை மட்டுமே கேட்டு வளரும் குழந்தைக்கு, 'ஏன்' என்று தொடங்கும் தமிழும், 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்று ஆராயும் தமிழும் எங்கிருந்து வரும்? மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் நிலைமை இதனினும் கடினமானது.

பொம்மை செய்யும் வேளையில் இக்குறை இயல்பாகவே நீங்குகிறது. மடி, உரி, கிழி, செருகு, முறுக்கு, துளையிடு, கோத்துக்கொள், இறுக்கு, சற்றே தளர்த்து என்று வினைச்சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொரு சொல்லும் ஒரு செயலோடு வருகிறது. ஆகவே பொருள் கேட்க வேண்டியதில்லை, மனப்பாடமும் வேண்டியதில்லை. மூன்று பொம்மைகளைக் கொண்டு இதனை விளக்குகிறேன்.

முதலாவது ஓலைக் காற்றாடி. கரமனையில் தென்னைக்குப் பஞ்சமில்லை. பச்சை ஓலை ஒன்றை எடுத்து ஈர்க்கை உரித்துவிட்டால் இரண்டு பாதிகள் கிடைக்கும். ஒரு பாதியில் ஒரு சாண் நீளம் நறுக்கி, அதன் நடுவில் ஒரு முள்ளைக் குத்தி, முள்ளை ஒரு குச்சியின் நுனியில் செருகுங்கள். ஓலையின் துளை முள்ளைவிடச் சற்றே பெரிதாக இருத்தல் வேண்டும். இனி ஓலையின் இரு முனைகளையும் முறுக்க வேண்டும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஓலையைச் செங்குத்தாக நிறுத்திப் பார்க்கையில், மேல்முனையின் வலப்பக்க விளிம்பு முன்வந்தால், கீழ்முனையின் இடப்பக்க விளிம்பு முன்வர வேண்டும். அப்போது காற்று ஒரு முனையை ஒரு பக்கமும் மறுமுனையை எதிர்ப்பக்கமும் தள்ளும், ஓலை சுழலும். இரண்டிலும் ஒரே பக்க விளிம்பு முன்வந்தால் இரு தள்ளுதலும் ஒரே திசையாகிவிடும். காற்றாடி நடுங்குமேயன்றிச் சுழலாது.

குழந்தை முதலில் பிழையாகவே முறுக்கட்டும். 'ஏன் சுற்றவில்லை?' என்று அது கேட்கும். உடனே திருத்திக் கொடுத்துவிடாதீர்கள். 'காற்று மேலே எந்தப் பக்கம் தள்ளுகிறது? கீழே எந்தப் பக்கம்?' என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். பதில் வரும் வரையில் பொறுத்திருங்கள். அந்தச் சில நிமிடங்களில் அக்குழந்தை காரண காரியத்தைத் தமிழில் சிந்திக்கிறது.

இரண்டாவது, பொத்தானும் நூலும் கொண்டு செய்வது. பெரிய சட்டைப் பொத்தான் ஒன்றின் எதிரெதிர்த் துளைகளில் ஒரு மீட்டர் நீளமுள்ள உறுதியான நூலைக் கோத்து, முனைகளை முடிந்து வளையமாக்குங்கள். பொத்தானை நடுவில் நிறுத்தி, வளையத்தின் இரு கோடிகளையும் இரு கைவிரல்களில் மாட்டிக்கொண்டு, நூல் நன்கு முறுக்கேறும் வரையில் பொத்தானைச் சுழற்றுங்கள். பின்னர் கைகளை இழுப்பதும் தளர்த்துவதுமாக இருங்கள். இழுக்கும்போது முறுக்கு அவிழ்ந்து பொத்தான் விரைந்து சுழலும். அவிழ்ந்த பின்னும் சுழற்சி நிற்காமையால் நூல் எதிர்த்திசையில் மீண்டும் முறுக்கேறும். 'விர்' என்ற ஒலியும் எழும். சோடா மூடியைத் தட்டையாக்கியும் சிறுவர் இதனைச் செய்வதுண்டு. அதன் விளிம்பு கையைக் கிழிக்கக்கூடும், பொத்தானே நல்லது. பொத்தானை வாயிலிடும் வயதுள்ள குழந்தை வீட்டிலிருந்தால் விழிப்பாக இருங்கள்.

இது வெறும் விளையாட்டென்று தள்ளத்தக்கதன்று. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் இந்திய விஞ்ஞானி மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும், இதே தத்துவத்தைக் கொண்டு காகிதத்தால் ஒரு கருவி செய்து 2017ஆம் ஆண்டு வெளியிட்டனர். அது நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுகள் வரையில் சுழலவல்லது. மின்சாரமின்றி, ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்திலிருந்து அதன் நீர்ப்பகுதியைப் பிரித்துவிடும். அதன் அடக்கவிலை 20 அமெரிக்கக் காசு. மின்வசதியற்ற சிற்றூர்களிலும் நோயறியும் சோதனைக்கு உதவுவதே அதன் நோக்கம்.

இந்தப் பொம்மைக்குத் தமிழில் என்ன பெயரிடலாம்? 'கறங்கு' என்றொரு பழஞ்சொல் உண்டு. சுழல்வதும் கறங்குதல், ஒலிப்பதும் கறங்குதல். காற்றாடிக்கே கறங்கு என்ற பெயரும் வழங்கியதுண்டு. சுழன்றுகொண்டே ஒலிக்கும் இப்பொம்மைக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பதரிது. இன்றைய பேச்சுத் தமிழில் நாம் இச்சொல்லை ஏறக்குறைய மறந்துவிட்டோம். ஆனால் கரமனைக் குழந்தை மறக்கவில்லை! பம்பரமோ மின்விசிறியோ சுழன்றால், 'கறங்ஙுந்நு' என்றுதான் அதன் மலையாளத் தோழன் சொல்வான். நாம் இழந்த சொல்லை அண்டைமொழி நமக்காகக் காத்து வைத்திருக்கிறது. ஆகையால், குழந்தையின் பேச்சில் பிறமொழிச் சொல் கலந்துவிட்டால் வெகுள வேண்டாம், நகைக்கவும் வேண்டாம். அச்சொல்லை நம் மொழியில் தேடிப் பார்க்கும் விளையாட்டாக அதனை மாற்றிவிடலாம். கரமனையில் சிரட்டை என்பதைச் சென்னையில் கொட்டாங்கச்சி என்பர். இரண்டும் தமிழே என்று அறிவதே குழந்தைக்கு ஒரு வியப்பாகும். அந்தச் சிரட்டையின் அடியில் ஈரக் களிமண்ணை அப்பி, மேலே காகிதக் கூம்பை ஒட்டி முகம் வரைந்தால், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் தம்பி ஒருவன் பிறந்துவிடுவான். பாரம் அடியில் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடுவான்.

மூன்றாவது, நவராத்திரிக் கொலுவுக்கு உரியது. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்றுநங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் ஊர்வலம் ஆண்டுதோறும் கரமனை வழியே செல்கிறது. சரஸ்வதி யானை மீது வருவது மரபு. அதனைக் கண்ட குழந்தை, தன் வீட்டுக் கொலுவிலும் ஒரு யானை நடக்க வேண்டுமென்று விரும்பாதா?

கனத்த அட்டையில் யானையை வரைந்து இரண்டாக வெட்டி, ஒரு சிறு பெட்டியின் இருபுறமும் ஒட்டுங்கள். பெட்டியின் அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு காகித உறிஞ்சுகுழல்களைக் குறுக்காகப் பொருத்துங்கள். அவற்றினுள் மூங்கிற் குச்சிகளைச் செலுத்தினால் அவையே அச்சுகள். அட்டையில் நான்கு சக்கரங்கள் வெட்டுங்கள். துளையை மட்டும் நடுவில் இடாமல் சற்றே ஒதுக்கி இடுங்கள். சக்கரங்களை அச்சோடு அசையாதபடி பசையிட்டு ஒட்டும்போது, வலப்புறத்துத் துளை மேலே இருக்கையில் இடப்புறத்துத் துளை கீழே இருக்குமாறு அமையுங்கள். இரண்டு அச்சுகளிலும் இம்முறையே இருக்கட்டும். நூல் கட்டி இழுத்தால், யானை வலமும் இடமும் அசைந்து அசைந்து நடந்து வரும். நேராக ஓட வேண்டிய வண்டிக்கு நடு தவறிய துளை ஒரு குற்றம். யானைக்கோ அதுவே நடையழகு. அச்சு, துளை, நடு, விளிம்பு, பாரம் என்ற சொற்களெல்லாம் அந்த ஒரு யானையில் ஏறி வந்துவிடுகின்றன.

தென்னை இல்லாத ஊர்களில் என்செய்வது என்று கேட்கலாம். பழைய அஞ்சலட்டையும் குறிப்பேட்டின் மேலட்டையும் ஓலையின் வேலையைச் செய்யும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அரவிந்த் குப்தா, வீணென்று எறியும் பொருள்களைக் கொண்டே எண்ணற்ற பொம்மைகளைச் செய்து காட்டி, அவற்றின் வழியே அறிவியலைப் பரப்பினார். அப்பணிக்காக 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. நீங்கள் வாழும் மாநிலத்தின் பொம்மைகளையும் பாருங்கள். கர்நாடகத்தில் சன்னபட்டணத்து அரக்குப் பொம்மைகள் உண்டு. வங்காளத்தில், இழுத்துச் செல்லும்போது சிறு குச்சிகள் தாமே பறை கொட்டும் மண்சக்கர வண்டி உண்டு. அது எவ்வாறு கொட்டுகிறது என்று குழந்தையோடு சேர்ந்து ஆராய்ந்து, அதனைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். அண்டை வீட்டுக் குழந்தையையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கு இரண்டொரு வேண்டுகோள். கத்தியும் ஊசியும் உங்கள் கையில் இருக்கட்டும். மற்றவை குழந்தையின் கையில் இருக்கட்டும். பொம்மை கோணலாக வந்தாலும் நீங்கள் எடுத்து நேராக்கிவிட வேண்டாம். வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பின் அவர்களை நடுவில் அமர்த்துங்கள். நுங்கு வண்டி உருட்டிய கைகளுக்குத் தெரிந்த சொற்கள் பல, அகராதியைப் புரட்டி நாம் தேடிக்கொள்ள வேண்டியவை.

வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்குப் போதும். ஓலை வாடிவிடும், நூல் அறுந்துவிடும், அட்டை யானையும் அடுத்த நவராத்திரி வரையில் நிற்பது ஐயமே. ஆயினும், அவற்றைச் செய்கையில் கேட்டும் சொல்லியும் பழகிய தமிழ் குழந்தையோடு வளரும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பொத்தானையும் நூலையும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.