கழுத்துக்குள் ஒரு வால்வு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது டெக்னிக்கலா பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். "வால்வு பற்றிப் பேசட்டுமா சார்?" என்றேன். சந்தோஷப்பட்டார். எந்த வால்வு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது தொழிற்சாலை வால்வு இல்லை. உங்கள் எல்லோர் கழுத்துக்குள்ளும் இருக்கிற வால்வு.

ஒரு விரலைக் குரல்வளை மேல் வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை சட்டென்று மேலே போய் இறங்குகிறது அல்லவா? அதற்குள் ஒரு கதவு திறந்து மூடிவிட்டது.

குரல்வளையின் அடியில் மோதிரம் போல ஒரு குருத்தெலும்பு உண்டு. அதன் ஒரு பக்கத்தில் தொடங்கி, உணவுப் பாதையின் பின்புறமாகச் சுற்றி, மறுபக்கம் வந்து சேர்கிறது ஒரு தசைப்பட்டை. கிரிக்கோஃபேரிஞ்சியஸ் என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் 'நார்மலி குளோஸ்டு' வால்வு. சாதாரண நேரத்தில் இறுகி மூடியே இருக்கும். மூச்சு இழுக்கும்போது காற்று உணவுக்குழாய்க்குள் போகக்கூடாது. உள்ளே போனது தொண்டைக்குத் திரும்பி வரக்கூடாது. இரண்டு காவலும் அதன் வேலை.

விழுங்கும்போது மட்டும் மூன்று காரியம் ஒன்றாக நடக்கவேண்டும். மூளைத்தண்டிலிருந்து வரும் உத்தரவுக்குத் தசை தளரவேண்டும். குரல்வளை மேலும் முன்னுமாக நகர்ந்து வாசலை இழுத்துத் திறக்கவேண்டும். நாக்கும் தொண்டையும் பின்னாலிருந்து தள்ளவேண்டும். எல்லாம் ஒரு வினாடி சமாச்சாரம். ஹாஸ்டல் மெஸ்ஸில் பஸ்ஸுக்கு நேரமாச்சென்று ஐந்து நிமிஷத்தில் பத்து இட்லி உள்ளே தள்ளிய நாம் இதையெல்லாம் நினைத்தோமா என்ன?

என்னை நினைக்க வைத்தவர் என் அப்பா. வயது அறுபத்தொன்பது. முதலில் மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்றார். "தண்ணி நிறையக் குடிங்கப்பா" என்றேன். பிறகு சாப்பிடும்போது அடிக்கடி புரையேறியது. "பேத்தி நினைக்கிறா போல" என்று அம்மா தலையில் தட்டினார். நாங்களும் சிரித்தோம். படுத்தால், சாயங்காலம் சாப்பிட்டது ஜீரணமாகாமல் அப்படியே வாய்க்கு வந்தது. சட்டைக் காலர் தொளதொளத்தது. கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பினார். கௌரவம் பார்க்கிறார், வயசானால் பிடிவாதம் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுக்களையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து, ரசத்தில் கரைத்த இட்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தார். "ஏம்பா இப்படி?" என்றேன். "ஒரு வாய் இறங்க மூணு தடவை முழுங்கணும்டா. நாலு பேர் முன்னால வெட்கமா இருக்கு" என்றார். எட்டு மாதமாக அவர் எங்களோடு சேர்ந்து சாப்பிடவில்லை. இயந்திரத்தில் சின்னச் சத்தம் வந்தாலும் காது கொடுத்துக் கேட்கிற நான், அதைக் கவனிக்கவேயில்லை.

காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனோம். புற்றுநோய் இல்லை என்று எண்டோஸ்கோப்பியில் முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கச் சொல்லி, அது இறங்குவதை எக்ஸ்ரே வீடியோவாக எடுத்தார்கள். வெள்ளையாக இறங்கிய திரவம் கழுத்து நடுவில் ஒரு மேட்டில் முட்டி நின்றது. மேட்டுக்கு மேலே, பின்பக்கமாக ஒரு சின்னப் பை. வால்வு சரியாகத் திறக்காததால் மேலே அழுத்தம் ஏறி, தசைகளுக்கு இடையே பலவீனமான இடத்தில் உள்சவ்வு பிதுங்கியிருந்தது. டயர் நைந்த இடத்தில் டியூப் புடைக்குமே, அதே கதை. பழைய சோறு திரும்பி வந்தது இந்தப் பையிலிருந்துதான். இதற்கு ஜென்கர் பை என்று பெயர். 1877-இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மானிய நோய்க்கூறு நிபுணர் ஜென்கரின் பெயர் அது.

"அந்தப் பையை வெட்டி எடுத்துவிட்டால் போதுமே டாக்டர்?" என்றேன். அவர் சிரித்தார். "நீங்க என்ஜினியர்தானே? புடைப்பை எடுத்துட்டு அழுத்தத்தை விட்டு வச்சா, மறுபடி புடைக்காதா? வெட்டவேண்டியது தசையை" என்றார். மூலகாரணத்தைத் தேடு என்று இந்தக் கல்லூரியில் நான்கு வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொன்றும் சொன்னார். "கோளாறு வால்விலா, பம்பிலா என்று பார்த்துத்தான் கத்தி எடுக்கணும்." பக்கவாதத்தாலோ தசைநோயாலோ தொண்டையின் தள்ளும் சக்தியே போயிருந்தால், வால்வை வெட்டுவதால் மட்டும் பெரிய பலன் கிடைக்காமல் போகலாம். எதுக்களிப்பு கடுமையாக இருந்தாலும் யோசிப்பார்களாம். மேல்காவலை எடுத்துவிட்டால் அமிலம் தொண்டைவரை ஏறக்கூடும். அப்பாவுக்குப் பம்பு நன்றாக இருந்தது.

இந்தத் தசையை வெட்டும் சிகிச்சையை, போலியோவால் விழுங்கமுடியாமல் போன ஒருவருக்குச் செய்ததாக அமெரிக்காவில் காப்லன் என்பவர் 1951-இல் எழுதினார். இன்று இரண்டு வழி இருக்கிறது. வாய் வழியாகக் கருவியை விட்டு, பைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள சுவரை லேசராலோ ஸ்டேப்ளராலோ பிளப்பது ஒன்று. அந்தச் சுவருக்குள்தான் இந்தத் தசை இருக்கிறது. அப்பாவின் பை சின்னது என்பதால் டாக்டர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். கழுத்தின் இடப்பக்கம் திறந்து, தசை இழைகளை வெட்டி விலக்கி, அடியிலுள்ள மெல்லிய சவ்வை மட்டும் கீறாமல் விடுவது. அது கிழிந்தால் எச்சில் கசிந்து, தொற்று நெஞ்சுக்குள் இறங்கும் அபாயம் உண்டு. குரல்நாணை அசைக்கும் நரம்பும் பக்கத்திலேயே ஓடுகிறது. அடிபட்டால் குரல் கம்மிவிடும். எல்லாவற்றையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். என் கை நடுங்கியது. அப்பாதான், "போடுடா, இதுக்குமேல என்ன?" என்றார்.

அறுவை முடிந்து, கசிவு இல்லை என்று மறுபடி எக்ஸ்ரேயில் பார்த்தபிறகே தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு. குரல் சில நாள் கரகரத்துத் தெளிந்தது. மூன்றாம் மாதம் பேத்தியின் காதுகுத்தில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாக முடித்து, "பாயசம் இன்னொரு கரண்டி" என்று கேட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இலையில் என்ன வைத்தார்கள் என்றே தெரியவில்லை.

நண்பர்களே, விழுங்கச் சிரமப்படுகிறவர் பெரும்பாலும் வலி என்று சொல்லமாட்டார். பந்தியை விட்டு விலகுவார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் தேடுவார். சாப்பிடும்போது இருமுவார். மெலிவார். காரணம் இந்த வால்வாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும். வயசாச்சு என்பது நோயின் பெயர் இல்லை. மாணவத் தம்பி தங்கைகளே, அடுத்த லீவில் ஊருக்குப் போனால் அப்பா அம்மாவோடு ஒரு வேளை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். செல்போனைப் பார்க்காமல், அவர்கள் இலையைப் பாருங்கள்.

மதிய விருந்து தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். என் அப்பாவும் வந்திருக்கிறார். பின்வரிசையிலிருந்து எழுந்து, பந்திக்கு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார். நானும் போகிறேன்.